3 ஸ்டாரா, 5 ஸ்டாரா, பழைய ஏசியே போதுமா? இ.பி. ரசீதை வைத்து ஒரு கணக்கு

ஏசி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒன்றரை டன்னில் 3 ஸ்டார் ஒரு விலை. பக்கத்திலேயே 5 ஸ்டார், எட்டாயிரமோ பத்தாயிரமோ கூடுதல். “ரெண்டே வருஷம் சார், கரண்ட் பில்லுலயே மிச்சமாகி வந்துடும்” என்பார் விற்பனையாளர். ஏசியை நிறைய ஓட்டும் சில வீடுகளில் மூன்று வருடத்துக்குள் அந்தப் பணம் வந்துவிடும். வேறு பல வீடுகளில் ஏசியின் ஆயுளே முடிந்தாலும் வராது. உங்கள் வீடு எந்த ரகம் என்று ஸ்டாரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மின்வாரிய ரசீதைப் பார்த்தால் சொல்லிவிடலாம்.

இங்கே நான்கு வழிகளை எடை போடுகிறோம்: பழைய ஏசியையே சர்வீஸ் செய்து ஓட்டுவது, புது 3 ஸ்டார், புது 5 ஸ்டார், அந்தக் கூடுதல் பணத்தைக் கூரையிலும் மின்விசிறியிலும் போடுவது. கணக்கெல்லாம் தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணப்படி. ஏசி விலைக்கு 3 ஸ்டார் ரூ.37,000, 5 ஸ்டார் ரூ.46,000, இடைவெளி ரூ.9,000 என்று வைத்துக்கொள்வோம். கடையில் சொல்லும் விலை வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டு மறுபடி வகுத்துக்கொள்ளுங்கள்.

## முதலில், எதை வைத்து முடிவு செய்வது?

நான்கு விஷயங்கள் தெரிந்தால் போதும்.

1. வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஏசி ஓடுகிறது.
2. ஏசி இழுக்கும் யூனிட்டுகள் கட்டண அடுக்கில் எந்தப் படியில் விழுகின்றன.
3. லேபிளில் ஸ்டாருக்குக் கீழே போட்டிருக்கும் ஐஎஸ்இஇஆர் எண் (ஏசியின் சிக்கனத்தைச் சொல்லும் எண், கூடக்கூட நல்லது).
4. பெட்டி விலைக்கு வெளியே வரும் செலவு: பைப், வயரிங், பிறகு வரப்போகும் பிசிபி (ஏசியை இயக்கும் மின்னணு அட்டை), காயில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) ரிப்பேர்.

இவற்றில் இரண்டாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் முடிவையே மாற்றுவது அதுதான்.

## அரசு விதி என்ன செய்கிறது, அதன் விலை எங்கே சேர்கிறது?

2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2002இல் அமைந்ததுதான் பிஇஇ எனப்படும் எரிசக்தித் திறன் பணியகம். 2006இல் ஸ்டார் லேபிள் திட்டம் தொடங்கியது. 2010 முதல் ஏசிக்கு லேபிள் கட்டாயம். 2018 ஜனவரியிலிருந்து, கம்ப்ரஸர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் ஏசியும் சாதாரண ஏசியும் ஒரே அளவுகோலில் வந்தன. அந்த அளவுகோல்தான் ஐஎஸ்இஇஆர்: வெளியே 24 முதல் 43 டிகிரி வரையிலான வெப்பநிலைகளில், வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றுகிறது என்ற எண்.

எந்த எண்ணுக்கு எத்தனை ஸ்டார் என்ற அட்டவணை சில வருடங்களுக்கு ஒருமுறை இறுகும். ஸ்பிளிட் ஏசிக்கு 2018 அட்டவணையில் 5 ஸ்டார் 4.50இல் தொடங்கியது, 3 ஸ்டார் 3.50இல். 2022 ஜூலையில் அவை 5.00, 3.80 ஆயின. 1 ஸ்டாருக்கான அடிமட்டமும் 3.10இலிருந்து 3.30க்கு ஏறியது. 2026 ஜனவரியில் மறுபடியும் இறுக்கியிருக்கிறார்கள்.

எண்ணை உயர்த்த, கம்பெனிக்காரர் உள்ளேயும் வெளியேயும் காயிலைப் பெரிதாக்க வேண்டும். அதாவது கூடுதல் செம்பு, கூடுதல் அலுமினியம், நல்ல கம்ப்ரஸர், சிக்கனமான ஃபேன் மோட்டார். அந்தச் செலவு விலையில் ஏறுகிறது. அட்டவணை இறுகும்போது ஏறும் அடிப்படை விலையை நீங்கள் தவிர்க்க முடியாது. அந்தத் தரத்துக்குக் கீழே சரக்கே வராது. 3க்கும் 5க்கும் இடையிலுள்ள அந்த ஒன்பதாயிரம் மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் இந்த இடைவெளியும் கொஞ்சம் சுருங்கியது.

விதிகளில் செலவே இல்லாத ஒன்றும் உண்டு. 2020 ஜனவரி முதல் எல்லா ஏசியும் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது பிஇஇ கணக்கு. 22இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்பவர் 26க்கு மாறினால், 3லிருந்து 5 ஸ்டாருக்குத் தாவியதில் கிடைக்கும் மிச்சத்தை ஏறக்குறைய அப்படியே இலவசமாகப் பெறுகிறார்.

லேபிள் வாசிக்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, “லேபிள் காலம்”. ஸ்டார் என்பது அந்த வருட அட்டவணையின் மதிப்பெண். 2022 ஜூனில் 4.6 என்ற எண்ணோடு 5 ஸ்டாராக இருந்த ஏசி, ஜூலையில் 4 ஸ்டார் ஆனது. மெஷின் மாறவில்லை, ஒட்டும் தாள்தான் மாறியது. அதனால் பழைய லேபிள் ஒட்டிய 5 ஸ்டாரையும் புது லேபிள் ஒட்டிய 4 ஸ்டாரையும் எண்ணை வைத்தே ஒப்பிடுங்கள். அட்டவணை மாறும் மாதங்களில் பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளுவார்கள். எண் நன்றாக இருந்தால் அதுதான் வாங்க வேண்டிய நேரம். மாடல் எண்ணை பிஇஇயின் கைபேசிச் செயலியில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு, லேபிளில் உள்ள வருட யூனிட். ஆய்வகத்தில் சோதிக்கும்போது அறை 27 டிகிரியில் இருக்கும். வீட்டில் 24இல் ஓட்டினால் லேபிளைவிடக் கூடுதலாகத்தான் இழுக்கும். இரண்டு ஸ்டாரும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் கூடும் என்பதால் ஒப்பிடுவதற்கு லேபிள் எண்ணே போதும். மாத பட்ஜெட்டுக்கு அதை நம்பாதீர்கள்.

## 500 யூனிட் என்ற கோடு

2024 ஜூலை முதல் வீடுகளுக்கு, இரண்டு மாதத்துக்கு, யூனிட் விலை இப்படி இருக்கிறது. முதல் 100 இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் 101–200க்கு ரூ.2.35, 201–400க்கு ரூ.4.70, 401–500க்கு ரூ.6.30. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் அந்த ரூ.2.35 படியே காணாமல் போய், 101–400 முழுக்க ரூ.4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 501–600க்கு ரூ.8.40, 601–800க்கு ரூ.9.45, 801–1,000க்கு ரூ.10.50, அதற்கும் மேல் ரூ.11.55.

500 யூனிட் ஓடினால் பில் ரூ.1,805. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் ரூ.2,048. அந்த ஒரு யூனிட்டின் விலை ஏறக்குறைய ரூ.243.

ஏசி எப்போதும் உச்சிப் படியில்தான் உட்காரும். விளக்கு, ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஏசி இல்லாவிட்டாலும் ஓடுபவை. ஏசி அவற்றின் மேல் ஏறிக்கொள்கிறது. அதனால் மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையை ஏசி கணக்குக்குப் பயன்படுத்தக்கூடாது. கோடைகால ரசீதில் கடைசி யூனிட் எந்தப் படியில் நிற்கிறதோ, அந்த விலைதான் ஏசி யூனிட்டின் விலை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஏசி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 260 யூனிட். இரவில் 8 மணி நேரம், 60 நாள், ஆக 480 மணி நேரம் ஏசி. 3 ஸ்டார் என்றால் சுமார் 300 யூனிட் (இந்த எண் வந்த விதம் வழி 1இல்) சேர்ந்து 560, பில் ரூ.2,544. 5 ஸ்டார் என்றால் சுமார் 228 சேர்ந்து 488, பில் ரூ.1,729. ஒரே ரசீதில் ரூ.815 வித்தியாசம். 72 யூனிட்டுக்கு இவ்வளவு வருவதற்குக் காரணம் கோட்டைத் தாண்டாமல் தப்பியதுதான். அதே ஏசி, ஏற்கெனவே 380 யூனிட் ஓடும் வீட்டில் என்றால் 680க்கும் 608க்கும் இடையே ரூ.680 மிச்சம். 140 யூனிட் மட்டுமே ஓடும் சின்ன வீட்டிலோ 440, 368 என்று இரண்டுமே கோட்டுக்குக் கீழேதான், மிச்சம் ரூ.402.

## வழி 1: பழைய ஏசியையே ஓட்டுவது

பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய, இன்வெர்ட்டர் இல்லாத ஒன்றரை டன் ஏசி, லேபிள் சோதனை நிலையில் வருடத்துக்குச் சுமார் 1,360 யூனிட் இழுக்கும். புது 3 ஸ்டார் 1,000, 5 ஸ்டார் 760. (ஐஎஸ்இஇஆர் பழையதற்கு 2.8, 2022 அட்டவணைப்படி 3 ஸ்டாருக்கு 3.8, 5 ஸ்டாருக்கு 5.0 என்று வைத்து, வெளியேற்ற வேண்டிய வெப்பம் 3,800 யூனிட் என எடுத்த கணக்கு.)

ரூ.8.40 படியில் பார்த்தால் 3 ஸ்டாருக்கு மாறுவதில் வருடம் ரூ.3,000 மிச்சம், விலையோ ரூ.37,000. பன்னிரண்டு வருடம். 5 ஸ்டாருக்கு மாறினால் வருடம் ரூ.5,000, ஒன்பது வருடம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏசியைக் கரண்ட் மிச்சத்துக்காக மட்டும் தூக்கிப்போடுவது நஷ்டம். எக்ஸ்சேஞ்சில் தரும் இரண்டு மூவாயிரம் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது.

பழசை வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால் அதற்குரிய கவனிப்பைச் செய்யுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிட வேண்டும். கோடைக்கு முன் ஒருமுறை உள், வெளி காயில் இரண்டையும் தண்ணீர் சர்வீஸ் செய்ய வேண்டும். வெளி யூனிட்டைத் தொடாமல் உள்ளே மட்டும் துடைத்துவிட்டுப் போகும் சர்வீஸ் பாதி சர்வீஸ்தான். வெப்பத்தை வெளியே விடும் காயில் அடைத்திருந்தால், குளிர்ச்சி குறைவதோடு கம்ப்ரஸர் இழுக்கும் கரண்டும் கூடும்.

உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று நீங்களே அளந்துவிடலாம். இரவு பத்து மணிக்குமேல் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்து, ஏசியை மட்டும் 24இல் வைத்து, மீட்டர் ரீடிங் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி குறியுங்கள். முதல் அரை மணியில் அறை குளிரும்வரை அதிகமாக இழுக்கும் என்பதால், அதற்குப் பிறகு தொடங்கினால் கணக்குச் சுத்தமாக இருக்கும். ஒன்றரை டன் பழைய ஏசி மணிக்கு 1 யூனிட் சுற்றி இருந்தால் இயல்பு. ஒன்றரையைத் தாண்டினால் அறையோ ஏசியோ சரியில்லை.

நிறுத்த வேண்டிய இடம் எது? கம்ப்ரஸர் போய்விட்டால் நிறுத்திவிடுங்கள். காயிலில் ஓட்டை விழுந்து, வருடா வருடம் கேஸ் நிரப்பும் நிலை வந்தாலும் அப்படியே. ஒரு முறை கேஸ் நிரப்ப மூவாயிரம் என்றால் ஏசி புதுப்பிக்கும் கணக்கு அங்கேயே நேராகிவிடும். ஆர்22 கேஸ் ஓடும் பழைய மாடல் என்றால் இன்னும் சீக்கிரம். ஓசோன் ஒப்பந்தத்தின் கீழ் அந்த கேஸின் உற்பத்தி குறைந்துகொண்டே வருகிறது.

## வழி 2: புது 3 ஸ்டார்

வருடத்தில் நான்கு மாதம், இரவு ஆறு மணி நேரம் மட்டும் ஓட்டும் வீட்டுக்கு இதுதான் சரி. அது சுமார் 700 மணி நேரம். அங்கே 3க்கும் 5க்கும் வித்தியாசம் வருடத்துக்கு 105 யூனிட்தான். ரூ.6.30 படியில் ரூ.660. ஒன்பதாயிரம் திரும்பப் பதிமூன்று வருடத்துக்குமேல் ஆகும்.

விருந்தினர் அறை, பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் மட்டும் திறக்கும் அறை, வாடகை வீடு, இவற்றுக்கும் 3 ஸ்டாரே போதும். வாடகை வீட்டில் ஒவ்வொரு முறை மாறும்போதும் கழற்றி மாட்ட இரண்டு மூவாயிரம் போகும், கேஸும் கொஞ்சம் வீணாகும். மூன்று தடவை மாறினால் 5 ஸ்டாரில் போட்ட கூடுதல் பணத்துக்குச் சமமான தொகை மாட்டிக் கழற்றியதிலேயே போயிருக்கும்.

கடலோர வீடுகளையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். கடலுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளில் வெளி காயில் ஆறேழு வருடத்திலேயே அரித்துப்போவது சாதாரணம். பணம் திரும்பும் காலம் அதற்குள் வராவிட்டால் கணக்கே இல்லை. 5 ஸ்டாரின் காயில் பெரிது என்பதால் மாற்றும் செலவும் பெரிது. எந்த ஸ்டார் எடுத்தாலும் அரிப்பைத் தாங்கும் பூச்சு உள்ள செம்புக் காயிலாக எடுங்கள்.

3 ஸ்டாரில் ஒரு பொறி உண்டு. விலை குறைவு என்று ஒரு அளவு பெரிய டன்னாக வாங்கிவிடுவார்கள். 110 சதுர அடி அறைக்கு ஒன்றரை டன் போட்டால் அறை சட்டென்று குளிரும், ஈரம் போகாது. உடம்பு பிசுபிசுவென்றே இருப்பதால் இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார்கள். பொதுவாக 120 சதுர அடி வரை ஒரு டன், 180 வரை ஒன்றரை டன். மொட்டைமாடிக்கு நேர் கீழ் அறை, மேற்குச் சுவர் வெயில் விழும் அறை என்றால் மட்டும் ஒரு படி ஏற்றலாம்.

## வழி 3: புது 5 ஸ்டார்

படுக்கையறையில் தினமும் எட்டு மணி நேரம், வருடத்தில் ஏழெட்டு மாதம் ஓடுகிறது, கோடை ரசீது 500ஐத் தாண்டுகிறது, சொந்த வீடு. இந்த மூன்றும் சேர்ந்தால் யோசிக்காமல் 5 ஸ்டார் வாங்கலாம். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கும் வீடு, கைக்குழந்தை உள்ள வீடு, இங்கெல்லாம் வருடத்துக்கு 2,400 மணி நேரம் எளிதில் வந்துவிடும். அப்போது மிச்சம் 360 யூனிட். ரூ.8.40 படியில் மூன்றே வருடம்.

ரூ.9,000 கூடுதல் திரும்பி வர எத்தனை வருடம் ஆகும் என்பதற்கு ஓர் அட்டவணை:

| வருடத்துக்கு ஓடும் நேரம் | மிச்சமாகும் யூனிட் | ரூ.4.70 படி | ரூ.6.30 படி | ரூ.8.40 படி | ரூ.9.45 படி |
|---|---|---|---|---|---|
| 700 மணி | 105 | 18 | 13½ | 10 | 9 |
| 1,600 மணி | 240 | 8 | 6 | 4½ | 4 |
| 2,400 மணி | 360 | 5½ | 4 | 3 | 2½ |

ஐந்து வருடத்துக்குள் வந்தால் வாங்கலாம், ஏழைத் தாண்டினால் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நடுவில் விழுந்தால் பிசிபி வாரண்டி எத்தனை வருடம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இன்வெர்ட்டர் ஏசியில் அடிக்கடி போவது பிசிபிதான். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர், பல்லி உள்ளே புகுந்து ஷார்ட் ஆவது, இடி மின்னல் என்று காரணம் பல. வாரண்டி முடிந்தபின் மாற்ற எட்டாயிரம், பத்தாயிரம் ஆகலாம். ஒரே ஒரு தடவை போனாலும் மூன்று நான்கு வருட மிச்சம் அதோடு சரி. கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பிசிபிக்கு எத்தனை வருடம், கேஸும் கூலியும் அதில் சேருமா என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

5 ஸ்டாரின் மறைமுகச் செலவில் இன்னொன்று இடம். உள் யூனிட் நீளம் கூடுதல். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே மூன்றடிச் சுவர் மட்டும் இருந்தால் உட்காராது. வெளி யூனிட் கனமும் கூடுதல். பழைய துருப்பிடித்த ஸ்டாண்டில் வைக்கக்கூடாது. கடைக்குப் போகும்முன் சுவரை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள்.

மாடியில் சோலார் போடும் எண்ணம் இருந்தால் 5 ஸ்டார் கணக்கை மறுபடி போட வேண்டும். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் கிடைக்கிறது. அந்த அளவு பேனல் போட்டபின் உச்சிப் படி யூனிட்டுகள்தான் முதலில் மறையும். ரூ.9.45 என்று போட்ட கணக்கு ரூ.4.70க்கு இறங்கிவிடும். இரண்டையும் ஒரே வருடத்தில் செய்பவர்கள், சோலாரை முடித்துவிட்டு ஒரு ரசீது பார்த்தபின் ஏசியை முடிவு செய்வது நல்லது.

## வழி 4: அந்த ஒன்பதாயிரத்தை வேறு இடத்தில் போடுவது

யாரும் கடையில் சொல்லாத வழி இது. பல வீடுகளுக்கு இதுதான் முதலில் வர வேண்டும்.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி எனப்படும் சிக்கன மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் சுற்றித்தான். ஹாலில் தினம் 12 மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் 3,600 மணி நேரம். ஒரு ஃபேனுக்கு 162 யூனிட் மிச்சம். ஒன்பதாயிரத்துக்கு மூன்று பிஎல்டிசி ஃபேன் வாங்கலாம். மூன்றும் அதே அளவு ஓடினால் 486 யூனிட். 5 ஸ்டார் ஏசி 1,600 மணி நேரத்தில் தரும் 240ஐப்போல இரண்டு மடங்கு. ஃபேனுக்குக் கோடை, மழைக்காலம் என்ற பேதம் கிடையாது என்பதால் ஆறு ரசீதிலும் இந்த மிச்சம் தெரியும். 500 கோட்டுக்கு மேலே ஐம்பது அறுபது யூனிட்டில் நிற்கும் வீட்டை இது கோட்டுக்குக் கீழே இறக்கிவிடும்.

ஃபேனுக்கும் 2023 ஜனவரி முதல் ஸ்டார் கட்டாயம். 1,200 மில்லிமீட்டர் ஃபேனுக்கு ஒரு வாட்டுக்கு நிமிடத்துக்கு 4 கனமீட்டர் காற்று என்றால் 1 ஸ்டார், 6 என்றால் 5 ஸ்டார். குறைந்தபட்சக் காற்றான 210 கனமீட்டரை வைத்து வகுத்தால், 1 ஸ்டார் ஃபேன் 52 வாட், 5 ஸ்டார் 35 வாட். ஆகவே புதிதாக வாங்கும் சாதாரண ஃபேனோடு ஒப்பிட்டால் பிஎல்டிசியின் மிச்சம் வருடத்துக்கு 80 யூனிட் அளவே. பழைய 75 வாட் ஃபேனை மாற்றும்போதுதான் முழுப் பலன். மெதுவாகவே சுற்றவிடுபவர்களுக்கும் மிச்சம் குறையும், எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் பழைய ஃபேனே குறைவாகத்தான் இழுக்கும். பெட்டி மாதிரியான பழைய ரெகுலேட்டர் என்றால் மீதிக் கரண்டைச் சூடாக்கி வீணடிக்கும்.

மாட்டும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. பிஎல்டிசி ஃபேனை ரெகுலேட்டர் வழியாக இணைக்கக்கூடாது. ரெகுலேட்டரைக் கழற்றி நேர் லைன் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஃபேன் விட்டுவிட்டுச் சுற்றும், சில மாதத்தில் அதன் சின்ன பிசிபி போய்விடும். பழைய ஃபேன் மெதுவாகிவிட்டது என்றால் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்ஸரை நூறு ரூபாய்க்குள் மாற்றிவிடலாம். பிஎல்டிசியில் அப்படி முடியாது. வாரண்டி நீளமாக உள்ளதாக வாங்குங்கள்.

மொட்டைமாடிக்குக் கீழே அறை என்றால் கூரைதான் முதல் செலவு. வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித் தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018, கூரை வழியாக ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் நுழையக்கூடாது என்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளுக்காக எழுதப்பட்டது அது. சின்ன வீடு கட்டுபவரை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் எண் எல்லோருக்கும் உதவும். மேலே எதுவும் போடாத ஆறு அங்குலக் கான்கிரீட் தளம் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை விடுகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்த பழைய தளம் இதைவிட எவ்வளவோ மேல்.

இருக்கும் தளத்துக்கு எளிய வழி வெள்ளை. வெயிலைத் திருப்பும் கூரைப் பெயின்ட் இரண்டு கை, அல்லது பசை கலந்த சுண்ணாம்பு இரண்டு கை. சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும். வருடா வருடம் பிப்ரவரி, மார்ச்சில் அடிக்க வேண்டும். பெயின்ட் இரண்டு மூன்று வருடம் நிற்கும். இரண்டுக்கும் முதலில் பாசியைச் சுரண்டிக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, வெடிப்பை அடைக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் மூன்றே மாதத்தில் பொருக்குப் பொருக்காக உரியும். தூசி படிந்தால் பலன் பாதியாகிவிடும் என்பதால் கோடையில் மாதம் ஒருமுறை பெருக்கி, ஒரு தடவை தண்ணீர் விட்டால் நல்லது. அடித்தபின் இரவு பத்து மணிக்கு உள்ளே தளத்தைத் தொட்டுப் பாருங்கள். முன்பு அனலாக இருந்த இடம் வெதுவெதுப்பாக இருக்கும். ஏசி அந்த அனலோடுதான் இத்தனை நாள் இரவு முழுக்கப் போராடிக்கொண்டிருந்தது.

கீழ்த்தளத்தில், நடுமாடி அடுக்ககத்தில் இருப்பவர்களுக்குக் கூரை வேலையால் பயனில்லை. மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ மறைப்போ போடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் திரை, வெயில் நுழைந்தபின் தடுக்கிறது.

## பெட்டி விலைக்கு வெளியே

எந்த ஸ்டார் வாங்கினாலும் இவை வரும். கையில் ஐயாயிரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கூட வரும் செம்புப் பைப் பெரும்பாலும் மூன்று மீட்டர். அதற்கு மேல் மீட்டருக்கு எண்ணூறு, ஆயிரம். ஸ்டாண்ட், வடிகால் பைப், சுவர்த் துளை தனி. பழைய 15 ஆம்பியர் பிளக்கில் அப்படியே செருகாமல், மெயினிலிருந்து தனி லைனாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் 20 ஆம்பியர் எம்சிபியும் (கரண்ட் கூடினால் தானே அணையும் சுவிட்ச்) போடுங்கள். ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று எழுதியிருந்தால் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை என்று பாருங்கள். கோடை இரவில் உங்கள் தெருவில் மின்னழுத்தம் அதற்குக் கீழே போனால் ஸ்டெபிலைசர் வேண்டும்.

மாட்டும் நாளில்தான் வாங்கிய ஸ்டார் நிலைக்கிறது அல்லது போகிறது. பைப்பை இணைத்தபின் வேக்கம் பம்ப் வைத்து இருபது நிமிடமாவது உள்ளேயிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். அவசரத்தில் வெளி யூனிட்டில் உள்ள கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளி முடித்துவிடுவார்கள். கேஸ் அளவு குறையும், ஈரம் உள்ளேயே தங்கும். 5 ஸ்டார் முதல் நாளிலேயே 3 ஸ்டார் அளவுக்கு இறங்கிவிடும், சில வருடத்தில் கம்ப்ரஸரும் அடிவாங்கும். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே “வேக்கம் பம்ப் எடுத்துட்டு வாங்க” என்று சொல்லிவிடுங்கள்.

வெளி யூனிட்டைக் கண்ணாடி போட்டு மூடிய பால்கனிக்குள் வைக்காதீர்கள். விட்ட சூட்டையே மறுபடி இழுக்கும். பின்புறம் அரை அடி, முன்புறம் மூன்றடி காலியாக இருக்கட்டும்.

ஆட்கள் கிளம்புவதற்கு முன் ஏசியை முழு வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டச் சொல்லி, சமையலறைத் தெர்மாமீட்டரை மேலே காற்று உள்ளே போகும் இடத்திலும் கீழே வெளியே வரும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். பத்து டிகிரிக்குக் குறையாமல் வித்தியாசம் இருக்க வேண்டும். ஆறு, ஏழு என்று காட்டினால் கையெழுத்துப் போடாமல் பைப் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள்.